நத்தை மட்டும் மிஞ்சிய கிணறு

போன மாதம் ஒரு வியாழக்கிழமை காலை, ராஜகீழ்பாக்கம் வழியாக வண்டியில் வந்துகொண்டிருந்தேன். அடுக்குமாடி கட்டுவதற்காக ஓரிடத்தில் அஸ்திவாரக் குழி தோண்டியிருந்தார்கள். அதைத் தாண்டும்போது மூக்கில் ஏறியது அந்த வாசனை. மண்ணெண்ணெயும் அழுகிய பூண்டும் கலந்தது மாதிரி. கரையான் மருந்து. வண்டியை ஓரங்கட்டிவிட்டு இறங்கினேன். இறங்கியதும் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பக்கத்துப் பூக்கடைக்காரம்மா, "இன்னா பாய், சுகர் கம்மியாயிடுச்சா?" என்று கேட்டு ஒரு ஸ்டூலை நகர்த்திப் போட்டார். உட்கார்ந்தேன். மச்சான், நீ போய்ச் சேர்ந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. உன்னிடம் சொல்லாமல் விட்ட ஒரு விஷயம் அந்த ஸ்டூலில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது.

அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நீ பயந்தாங்கொள்ளி. பள்ளிக்கூடத்தில் நாங்கள் எல்லோரும் உன்னை அப்படித்தான் கூப்பிட்டோம். நாய்க்குப் பயம், ரயில்வே மேம்பாலத்துக்குப் பயம், ஆழத் தண்ணீருக்குப் பயம். எனக்கு அப்போதே எதற்கும் பயமில்லை என்று பெயர். வளர்ந்து நான் மோட்டார் ரிப்பேர்க் கடை வைத்தேன். கேம்ப் ரோட்டிலிருந்து மேடவாக்கம் வரை பாதிக் கிணறுகளில் நான் இறங்கியிருக்கிறேன். நீ கல்லூரி விலங்கியல் லேபில் உதவியாளராகச் சேர்ந்தாய். மாணவர்கள் மைக்ராஸ்கோப்பில் பார்ப்பதற்காக ஏரியிலிருந்து பூச்சி புழு பிடித்துவருவது உன் வேலை. நீச்சல் தெரியாத ஆளை ஏரிக்கு அனுப்புகிறார்களே என்று நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. கரையிலேயே குந்தி, கம்பில் கட்டிய டீ வடிகட்டியை நீட்டித்தான் பிடிப்பாய்.

ஒருநாள் என் கடைக்கு வந்து நீ சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "மச்சான், மூணு வால் பூச்சி வரமாட்டேங்குதுடா. போன வருசம் அதே எடத்துல ஒரு தடவ அள்ளுனா இருவது வரும். இப்ப ஒண்ணுகூட இல்ல. செவப்புப் புழுதான் வருது."

"அதுக்கு இன்னா இப்போ? புழு புழுதானே?"

"இல்லடா. மூணு வால் பூச்சிக்கு மூச்சு விட நல்ல தண்ணி வோணும். சாக்கடை கலந்தா முதல்ல அதுதான் சாவும். செவப்புப் புழு சாக்கடையிலயும் பொழைக்கும். யார் இருக்கா, யார் இல்லன்னு எண்ணிப் பாத்தா தண்ணிக்கு இன்னா ஆச்சுன்னு தெரிஞ்சிடும். லேபுக்கு அனுப்புனா அன்னிக்கு அள்ளுன ஒரு பாட்டில் தண்ணியத்தான் சொல்லுவான். இதுங்க மாசக்கணக்கா உள்ளயே குடியிருக்குதுங்க. எல்லாத்தையும் பாத்திருக்குங்க."

அப்புறம் தயங்கித் தயங்கிக் கேட்டாய். "நீதான் எல்லாக் கெணத்துலயும் எறங்கறியே. எனக்குக் கொஞ்சம் அள்ளிக்கினு வர்றியா?"

அப்படித்தான் ஆரம்பித்தது. கிணற்றடியில் மோட்டார் வேலை முடிந்ததும் வடிகட்டியால் வழித்ததை ஒரு பாட்டில் தண்ணீரில் போட்டுக் கொண்டுவருவேன். ஞாயிற்றுக்கிழமைகளில் உன் வீட்டு மொட்டைமாடியில் வெள்ளைத் தட்டில் ஊற்றி நீ எண்ணுவாய். கூனி இறால் ஏழு, தும்பிக் குஞ்சு இரண்டு, நீர்வண்டு நாலு, நத்தை பதினொன்று. நோட்டில் கோடு போட்டு எழுதுவாய். எத்தனை வருஷம் அப்படி ஓடியது என்று எனக்கே கணக்கில்லை. நான் அதை உன் கிறுக்கு என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் மகள் நஸ்ரினைக் கட்டிக்கொடுத்தது மாடம்பாக்கத்தில், ஏரிக்குப் பக்கத்துத் தெருவில். அந்தத் தெருவுக்கே ஒரே பொதுக் கிணறு. அகலமான பழைய கிணறு. மோட்டார் நான் போட்டதுதான். தண்ணீர் அவ்வளவு இனிப்பாக இருக்கும். சுற்றுவட்டாரமெல்லாம் கேன் தண்ணீர் வாங்கும்போது அந்தத் தெரு மட்டும் வாங்காது. அதில் அவர்களுக்குப் பெருமை. பொறுப்பு பார்த்துக்கொண்டவர் தாமோதரன் சார், ரிடையர்டு ஆனவர். கிணற்றுக் கம்பிக் கதவின் சாவி அவர் இடுப்பிலேயே தொங்கும்.

அவள் கல்யாணத்துக்கு அடுத்த வருஷம் கோடையில் எதிர்பாராமல் இரண்டு நாள் மழை கொட்டியது. அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்மா முடித்துக் கடைக்கு வந்தால் நீ வாசலில் நிற்கிறாய். நஸ்ரின் தெருக் கிணற்றைப் பார்த்து ரொம்ப நாளாகிறது, சும்மா ஒரு எட்டுப் போய்வரலாம் என்றாய். எனக்கு அங்கே போகப் பிடிக்கவில்லை. ஏன் என்று உனக்குத் தெரியாது. வேலை இருக்கிறது என்றேன். நீ விடவில்லை.

சாரிடம் சாவி வாங்கித் திறந்தோம். நான் நாலு படி இறங்கி, நீ மேலிருந்து நீட்டிய வடிகட்டியால் சுவரோரம் வழித்து அள்ளிக் கொடுத்தேன். நீ தட்டில் கொட்டினாய். மறுபடி கேட்டாய். மறுபடி அள்ளினேன். ஆறு தடவை அள்ளியிருப்பேன்.  நிமிர்ந்து பார்த்தால், ஆழத்துக்குப் பயந்த நீ, கிணற்றுக் கட்டையில் வயிறு அழுந்தக் கவிழ்ந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாய். உன் முகத்தில் ரத்தம் இல்லை.

"மேல வாடா," என்றாய். "தண்ணில கை நனைஞ்சிச்சா? சோப்பு போட்டுக் கழுவு."

"இன்னாடா, கண்ணாடி மாதிரி கீது. எதுக்குக் கழுவணும்?"

"அதான் எனக்குப் பயமா கீது. தட்டப் பாரு. நத்தை கீது, நல்லா ஊருது. கூனி இல்ல. வண்டு இல்ல. தும்பிக் குஞ்சு இல்ல. தண்ணி மேல ஓடுமே, அந்தப் பூச்சிகூட இல்ல. காலு இருக்கறது ஒண்ணுகூட இல்லடா. சாக்கடைன்னா இப்படி ஆவாது. நாத்தம் வரும், செவப்புப் புழு பெருகும். இது காலு இருக்கறத மட்டும் பாத்துக் கொன்னுருக்கு."

"அப்படின்னா?"

"பூச்சி மருந்து."

நாம் இருவரும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்த்தோம். கிணற்றை ஒட்டிய மனையில் புதுக் கட்டடத்துக்கு அஸ்திவாரம் தோண்டியிருந்தார்கள். குழியின் ஓரத்தில் மூடி திறந்த நீல கேன் ஒன்று சாய்ந்து கிடந்தது. வாசனை இங்கே வரை வந்துகொண்டிருந்தது. அதுவரை அந்த வாசனையை நான் பொருட்படுத்தவே இல்லை.

அப்போதுதான் நீ என்னைப் பார்த்துக் கேட்டாய். "நீ கடைசியா எப்போடா இங்க எறங்குனே?"

"போன மாசம்," என்றேன்.

பொய். செவ்வாய்க்கிழமை அங்கே இருந்தேன். குழாயின் அடியில் தண்ணீருக்குள் இருக்கும் ஃபுட் வால்வு ஒழுகுகிறது, வந்து மாற்று என்று தாமோதரன் சார் போன் செய்திருந்தார். நான் படியில் இறங்கியபோது தண்ணீர் மேல் கூனிகள் வெளுத்து மிதந்தன. வண்டுகள் மல்லாந்து கிடந்தன. பார்த்தேன். நன்றாகவே பார்த்தேன். உனக்குப் போன் செய்ய வேண்டும் என்றும் தோன்றியது. ஆனால் உனக்குச் சொன்னால் மோட்டாரை நிறுத்தச் சொல்வாய், தெரு சண்டைக்கு வரும், சம்பந்தி வீட்டில் பேச்சாகும். யாரோ பிளீச்சிங் பவுடர் போட்டிருப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மக்கால் எல்லாவற்றையும் வழித்து வெளியே கொட்டிவிட்டு, வால்வை மாற்றி, மோட்டாரைப் போட்டுவிட்டு வந்தேன். எதற்கும் பயப்படாதவன் என்று பெயரெடுத்தவன், ஒரு போன் செய்யப் பயந்தேன்.

மூன்று நாள். நஸ்ரின் ஏழு மாத கர்ப்பம்.

தெருவில் நான் ஓடியதை நீ பார்த்திருப்பாய். செருப்பைக் கிணற்றடியிலேயே விட்டுவிட்டேன். அவள் வீட்டுக் கதவு திறந்திருந்தது. சாப்பிட்டு முடித்துவிட்டுக் கையில் டம்ளரோடு நின்றாள். நான் தட்டிவிட்டதில் டம்ளர் சுவரில் பட்டு உருண்டது. தண்ணீர் அவள் வயிற்றின் மேல் தெறித்தது.

"அத்தா! என்னத்தா ஆச்சு?"

 அவள் மாமியார் உள்ளேயிருந்து வந்து, "மாசமா இருக்கற புள்ளைகிட்ட இப்படியா வந்து நிப்பீங்க?" என்று சத்தம் போட்டார். புடவையை மாற்று, உடம்பைக் கழுவு என்றேன். எந்தத் தண்ணியிலத்தா கழுவறது என்று அவள் கேட்டாள்.  அந்த வீட்டில் குடத்தில், தொட்டியில், குழாயில், அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த கஞ்சியில், எல்லாவற்றிலும் அந்தத் தண்ணீர்தான். அந்த நிமிஷத்துப் பயத்தை இதுவரை யாரிடமும் நான் சொன்னதில்லை. எங்கே திரும்பினாலும் ஈரமாக இருந்தது.

வெளியே வந்தால் தெரு கூடியிருந்தது. தாமோதரன் சார் உன்னைப் பிடித்துக்கொண்டிருந்தார். "புழு இருந்தா தண்ணி கெட்டுப்போச்சுன்னு சொல்வாங்க. நீங்க புழு இல்லேன்னு பயமுறுத்தறீங்க. என்ன சார் இது, காமெடியா?" கூட்டம் சிரித்தது. மேஸ்திரியும் வந்துவிட்டார். "கரையான் மருந்துதான் சார். எல்லா பில்டிங்குக்கும்தான் ஊத்தறாங்கோ. இதுக்கு யார் செத்தா?" என்றார். இரண்டு பேர் உன் தோளைத் தள்ளினார்கள்.

உன் குரல் நடுங்கியது. ஆனால் நீ நகரவில்லை. "ஒரு மணி நேரம் குடுங்க," என்றாய். "அதுக்குள்ள யாரும் குடிக்காதீங்க. தப்பா இருந்தா என்னைச் செருப்பால அடிங்க."

என் வண்டியை எடுத்துக்கொண்டு ஏரிக்குப் போனாய். பெருங்கரைப் பக்கம், தாமரை இருக்கும் ஓரத்தில் இன்னும் கூனி உண்டு என்று உனக்குத் தெரியும். திரும்பி வந்தபோது முழங்காலுக்கு மேல் சேறு. தண்ணீருக்குள் இறங்கியிருக்கிறாய். இரண்டு கண்ணாடி பாட்டில்களை தாமோதரன் சார் வீட்டு மதில் மேல் வைத்தாய். ஒன்றில் ஏரித் தண்ணீர், ஒன்றில் கிணற்றுத் தண்ணீர். ஏரித் தண்ணீர் பழுப்பாக இருந்தது. கிணற்றுத் தண்ணீர் பளிங்கு மாதிரி. இரண்டிலும் பத்துப் பத்துக் கூனிகளை விட்டாய்.

முதலில் ஒன்றும் ஆகவில்லை. யாரோ போனில் வீடியோ எடுக்க ஆரம்பித்தார்கள். பிறகு கிணற்றுத் தண்ணீர் பாட்டிலில் ஒரு கூனி விசுக்கென்று வளைந்தது. சுற்றியது. இன்னொன்று பாட்டில் சுவரில் மோதி மோதித் திரும்பியது. கால்கள் தனித்தனியாகத் துடித்தன. ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, பத்தும் பக்கவாட்டில் சாய்ந்து அடியில் கிடந்தன. ஏரித் தண்ணீரில் பத்தும் மேலும் கீழும் நீந்திக்கொண்டிருந்தன.

யாரும் சிரிக்கவில்லை. ஒரு அம்மா மட்டும் மெதுவாக, "புதன்கெழமலேந்து எங்க வூட்ல ரெண்டு பேருக்கு வாந்திங்க. விருந்துல சாப்ட்ட பிரியாணின்னு நெனச்சேன்," என்றார். எதிர்வீட்டு வாசலில் நஸ்ரின் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு அந்த பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் போய் மோட்டாரின் ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்து மூன்று ஃப்யூஸ் கட்டைகளையும் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். யாரும் தடுக்கவில்லை. தெருவில் எல்லோரும் என்னைத் தைரியசாலி என்று சொன்னார்கள். நீயும் முதுகில் தட்டினாய். அந்தத் தட்டல் எனக்கு எப்படி இருந்தது என்று உனக்குத் தெரியாது.

லேபுக்கு அனுப்பிய தண்ணீரின் முடிவு வருவதற்குள் எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. வந்த காகிதத்தில் அந்த மருந்தின் பெயர் இருந்தது. குடிக்கவே கூடாத அளவு என்று போட்டிருந்தது. அப்புறம் நடந்ததெல்லாம் உனக்கே தெரியும். கட்டட வேலை நின்றது, தெருவுக்கு லாரித் தண்ணீர் வந்தது, கிணற்றைத் திரும்பத் திரும்ப இறைத்தார்கள். நஸ்ரினை நான் என் வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டேன். டாக்டரம்மா ஸ்கேன் பார்த்து, குழந்தை நன்றாக இருக்கிறது, மேற்கொண்டு இப்போது எதுவும் சொல்ல முடியாது, பார்த்துக்கொண்டே இருப்போம் என்றார். 'பார்த்துக்கொண்டே இருப்போம்' என்ற அந்த வார்த்தை என் கழுத்தில் இன்றுவரை தொங்குகிறது. பேரன் பிறந்தான். மாப்பிள்ளை சாயல் என்று ஒரு சுற்றம், நஸ்ரின் சாயல் என்று இன்னொரு சுற்றம் கொஞ்சியது. நான் அவன் விரல்களை எண்ணினேன். இப்போது பள்ளிக்கூடம் போகிறான், நன்றாக ஓடுகிறான், நன்றாகப் பேசுகிறான். ஆனாலும் அவனுக்கு ஒரு காய்ச்சல் வந்தால், தூக்கத்தில் கை ஒரு தடவை துடித்தால், எனக்கு அந்த பாட்டில்தான் தெரிகிறது.

உன்னை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது நெஞ்சில் மூன்று அடைப்பு என்றார்கள். ஆபரேஷனுக்கு முந்தின மத்தியானம் என்னை மட்டும் உள்ளே விட்டார்கள். "பயமா கீதுடா மச்சான்," என்றாய், எந்த வெட்கமும் இல்லாமல். என் கையைப் பிடித்துக்கொண்டாய். ஒண்ணும் ஆவாது என்றேன். நீ தலையை ஆட்டினாய்.

"நீ எப்பவும் அப்படித்தான் சொல்ற. பயம் வந்தா வாயத் தொறந்து சொல்லுடா. அதுவும் ஒரு அறிகுறிதான். மறச்சா யாருக்கும் தெரியாமப் பூடும்."

கொஞ்ச நேரம் கண்ணை மூடியிருந்தாய். தூங்கிவிட்டாய் என்று நினைத்துக் கையை உருவப் பார்த்தேன். அப்போது சொன்னாய்: "அன்னிக்கு அந்தக் கெணத்துல ஃபுட் வால்வு புதுசா இருந்துச்சு. கவுந்து பாத்தப்பவே பாத்துட்டேன்."

 ஏதாவது கேள், திட்டு என்று உன் முகத்தையே பார்த்தேன். நீ கண்ணைத் திறக்கவில்லை. கையையும் விடவில்லை. நர்ஸ் வந்து நேரமாகிவிட்டது என்றாள். சாயந்தரம் சொல்லிவிடலாம், நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று வெளியே வந்தேன். நாளை என்பது உனக்கு வரவில்லை.

அத்தனை வருஷம் உனக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது. தெரிந்துகொண்டே ஞாயிற்றுக்கிழமைகளில் என்னோடு உட்கார்ந்து எண்ணியிருக்கிறாய். நான் அள்ளிக்கொண்டுவந்ததை நம்பி நோட்டில் எழுதியிருக்கிறாய். 

அந்த வியாழக்கிழமை பூக்கடை ஸ்டூலிலிருந்து எழுந்து நேராக நஸ்ரின் வீட்டுக்குப் போனேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். செவ்வாய்க்கிழமை, வெளுத்த கூனிகள், மக், மோட்டார். அவள் மடிப்பதை நிறுத்தவில்லை. கடைசியில் ஒன்று மட்டும் கேட்டாள்.

"மூணு நாளாத்தா?"

"மூணு நாள்மா."

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஒன்பது நாள் அவளிடமிருந்து போன் இல்லை. நான் செய்தாலும் எடுக்கவில்லை. பேரனை இனி என் மடியில் விடமாட்டாள் என்றே முடிவு செய்துவிட்டேன். பத்தாம் நாள் அவளே கூப்பிட்டாள். சலாம்கூடச் சொல்லவில்லை.

"அத்தா, இவன் ஸ்கூல்ல ஒரு கெணறு இருக்கு. அதுலேர்ந்துதான் பசங்களுக்கு டேங்க்குல தண்ணி ஏத்தறாங்க. பக்கத்துல பில்டிங் வேல நடக்குது. பிரின்சிபல் மேடம்கிட்ட பேசிட்டேன். நீங்க வந்து பாருங்க."

"நானாம்மா?"

"நீங்கதான். ஒரு தடவ விட்டவங்க ரெண்டாவது தடவ விடமாட்டாங்க."  வைத்துவிட்டாள்.

இன்று சனிக்கிழமை, பள்ளி விடுமுறை. காலையில் போயிருந்தேன். காவலாளி சாவியைக் கொடுத்துவிட்டு மரத்தடிக்குப் போய்விட்டார். நஸ்ரின் கேட்டுக்கு வெளியே ஸ்கூட்டரில் உட்கார்ந்திருந்தாள், கிட்டே வரவில்லை. கிணற்றின் மேல் இரும்பு வலை மூடி. பூட்டைத் திறந்துவிட்டேன். மூடியைத் தூக்க மட்டும் கை வரவில்லை. உள்ளே எது மிதக்கும், எது மிதக்காது என்று எனக்குத் தெரியாது. ஐம்பத்தாறு வயதில் அந்த வெயிலில் நின்று, கேட்டில் இருக்கும் மகளுக்கும் கேட்கிற மாதிரி, வாய்விட்டுச் சொன்னேன்.

"பயமா கீதுடா மச்சான்."

சொல்லிவிட்டு மூடியைத் தூக்கினேன்.